மாசசூசெட்ஸில் ஒரு பண்டிகைக் காலம்: ஜவுளிக்கடைக்காரனின் பயணக் குறிப்புகள்

அக்டோபர் 26, 2024, சனி

பாஸ்டனுக்கு மேற்கே மகள் வீட்டுக்கு வந்து விமானக் களைப்பு தீருவதற்குள், "மாமா, இன்னைக்குத் தோட்டத்துக்குப் போறோம், ஷூ போட்டுக்கோங்க" என்றார் மாப்பிள்ளை. போனது ஆப்பிள் தோட்டம். இலையுதிர்காலம் வந்தால் இங்கே குடும்பம் குடும்பமாகப் போய்த் தாங்களே மரத்திலிருந்து ஆப்பிள் பறிக்கிறார்கள்.

வாசலில் வெறும் பையைக் கையில் கொடுத்துப் பணத்தை முதலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். நிரப்புவது நம் பாடு. தோட்டக்காரருக்குப் பறிகூலி மிச்சம், பெட்டி மிச்சம், வண்டிச் சத்தம் மிச்சம். விலையோ மார்க்கெட்டைவிடக் கூடுதல். அப்படியும் கார் நிறுத்த இடம் கிடைக்காத கூட்டம். ஆயுசில் பாதிக்குமேல் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போட்டே கழித்தவன் நான். வாங்க வந்தவரையே வேலை செய்யவைத்து, அதற்குக் காசும் வாங்கலாம் என்பது எங்கள் முதலாளிக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் எங்கள் நிலைமை என்ன ஆகியிருக்குமோ!

பருவத்தின் கடைசி என்பதால் பல வரிசைகள் காலி. எல்லோரும் தேடுகிற ஹனிகிரிஸ்ப் எப்போதோ தீர்ந்துவிட்டதாம். அது மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட ரகம். எனக்குப் பிடித்தது பழசு: ராக்ஸ்பரி ரசெட். தோல் சொரசொரப்பு, நிறம் மங்கல். ஷோகேஸில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் உருவான ரகங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள்; 1600களில், இப்போது பாஸ்டனுக்குள் சேர்ந்துவிட்ட ராக்ஸ்பரியில் பிறந்தது. கடித்தால் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வருகிறது. பையில் பாதி அதையே போட்டேன். பேத்திக்குச் சிவப்புப் பழம்தான் வேண்டும். அவளுக்குத் தனியாக இன்னொரு பை. இரண்டாவது பைக்கும் காசு!

அப்புறம் பரங்கிக்காய். வயல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் கிடக்கிறது. ஆளுக்கொன்று வாங்கி, வீட்டில் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். சமைக்க மாட்டார்களா என்று என் மனைவி கேட்டாள். சமைக்கிற பரங்கி டின்னில் வருமாம், பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்தில் விளைந்தது. குடைந்தெடுத்த சதையை அவள் மட்டும் விடவில்லை. ராத்திரி கூட்டு.

அக்டோபர் 31, வியாழன்

இந்த வருஷம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள்.

விடிகாலையில் எண்ணெய்க் குளியல் ஆயிற்று. வெடி இல்லை. தனி ஆட்கள் பட்டாசு வைத்திருப்பதே இந்த மாநிலத்தில் குற்றம், கம்பி மத்தாப்புகூடக் கூடாது. அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் கடைபோட்டு விற்கிறார்கள். அங்கே வாங்கி இங்கே கொண்டுவந்தால் பறிமுதல். இட்லி, கறிக்குழம்பு, அதிரசம் என்று காலை அமைதியாகப் போனது. மகள் மடிக்கணினியைத் திறந்து வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அமைதியான தீபாவளி புதிது. ஜவுளிக்கடை ஆளுக்குத் தீபாவளி என்றால் முந்தின நாள் ராத்திரிதான். பன்னிரண்டு மணிவரை பில் ஓடும். கடைசி நேரத்தில் வருபவர்கள் போனஸ் தாமதமாகக் கிடைத்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப மனசு வராது, முதலாளியும் விடமாட்டார். ஷட்டர் இறக்கி, கலைந்த சேலைகளை மடித்து அடுக்கி, வீட்டுக்குப் போகும்போது தெருவில் முதல் வெடி வெடித்திருக்கும். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைப்பது, பலகாரம், எல்லாம் என் மனைவி பொறுப்பு. நான் போய்த் தூங்குவேன்.

மாலையில் ஹாலோவீன், பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்க வரும் நாள். அக்டோபர் கடைசி என்று நம்பமுடியாத வெயில். குளிருக்கென்று வாங்கி வைத்த உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டைனோசரும் சிலந்தி மனிதனும் வியர்த்து வழிய வந்தார்கள். விதிமுறை எளிது. வாசல் விளக்கு எரிந்தால் மிட்டாய் உண்டு, அணைந்திருந்தால் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது. மிட்டாய் கடையில் வாங்கியதாக, உறை பிரிக்காததாக இருக்கவேண்டும். என் மனைவி அதிரசத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "அம்மா, வீட்ல செஞ்சதைக் குடுத்தா யாரும் பிள்ளைங்களைத் திங்கவிடமாட்டாங்க, உள்ள கொண்டு போ" என்று மகள் தடுத்தாள். செய்தவர் கை தெரியாத பலகாரத்தைவிட, செய்த கம்பெனி பெயர் தெரிந்த மிட்டாய்க்கு இங்கே மதிப்பு. என் மனைவிக்கு வருத்தம்தான்.

மிட்டாய்க் கூடை என் கையில். ஆளுக்கு இரண்டு என்பது மகளின் கட்டளை. கடையில் நின்ற பழக்கம், வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வராது. மூன்று நான்கு என்று போட்டு எட்டு மணிக்குள் கூடை காலி. கடைசியாகப் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண். பக்கத்துத் தெருவில் இருக்கும் தெலுங்குக் குடும்பம். என்ன வேஷம் என்று கேட்டேன். "வேஷமில்லை அங்கிள், இன்னைக்கு ரெண்டு பண்டிகைக்கும் இதேதான்" என்றார் கூட வந்த அம்மா. அந்தப் பிள்ளைக்கு அதிரசம் போனது, என் மனைவி கையால்.

நவம்பர் 1, வெள்ளி

காலையில் மருந்துக்கடைக்குப் போனால் நேற்றுவரை முழு விலைக்கு விற்ற மிட்டாய் மூட்டைகளுக்குப் பாதி விலை. பணியாளர் ஒருவர் ஏணியில் நின்று அலங்காரச் சிலந்தி வலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த அலமாரியில் கிறிஸ்துமஸ் சாமான் ஏற்கெனவே ஏறிவிட்டது. நடுவில் தேங்க்ஸ்கிவிங் என்று ஒரு பெரிய பண்டிகை இருக்கிறதே, அதற்கு என்ன என்று பார்த்தேன். காகிதத் தட்டு, துடைப்புத்தாள், ஒரு மூலையில் வான்கோழி பொம்மை. அவ்வளவுதான். சாப்பாட்டுப் பண்டிகைக்கு மளிகைக்கடையில்தான் வியாபாரம், மற்ற கடைக்காரர்களுக்கு விற்க ஒன்றுமில்லை. அதனால் அவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

தெருமுனை வீட்டில் ஹாலோவீன் அலங்காரமாக நிற்கும் 12 அடி எலும்புக்கூட்டை மட்டும் இறக்கவில்லை. ஹோம் டிப்போ என்ற கட்டுமானச் சாமான் கடை 2020இல் 299 டாலருக்குக் கொண்டுவந்த சரக்கு அது. இறக்கி மடித்து வைக்க இடமில்லாமல் பலர் வருஷம் முழுக்க நிறுத்தி, மாசத்துக்கு ஒரு வேஷம் கட்டுகிறார்களாம். ஒரு கடை தொடங்கி வைத்த வழக்கம், சில வருஷத்துக்குள் தெருவின் சம்பிரதாயமாகிவிட்டது. சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆடி மாசம் சுபகாரியம் கிடையாது, ஜவுளி போகாது என்று தள்ளுபடியை ஆரம்பித்து, இன்றைக்கு ஆடி என்றாலே தள்ளுபடி என்று ஆக்கி வைத்தது எங்கள் கூட்டம்தானே.

நவம்பர் 2, சனி

தெற்கே பிளிமத் போகும் வழியில் கிரான்பெர்ரி வயல். சிவப்பு மிதக்கிற குளம். கொடி தரையில் படர்கிறது. அறுவடைக்கு வயலில் தண்ணீர் கட்டி, சுழலும் சக்கரம் வைத்த வண்டியை ஓட்டிக் காயை உதிர்க்கிறார்கள். ஒவ்வொரு காய்க்குள்ளும் காற்றறைகள் இருப்பதால் உதிர்ந்தது எல்லாம் மேலே மிதக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று மிதவைக் கயிற்றால் வளைத்து ஒரு மூலைக்கு ஒதுக்கி, குழாய் போட்டு லாரிக்கு இழுக்கிறார்கள். நாள் முழுக்கப் பார்த்தாலும் அலுக்காது. இப்படி ஈரத்தில் எடுப்பது சாறுக்கும் சாஸுக்கும் போகிறது. பழமாகவே பையில் விற்பதைத் தண்ணீர் கட்டாமல் உலர்வாக அறுக்கிறார்கள், அதற்கு விலை அதிகம். உலகம் முழுக்கத் தெரிந்த ஓஷன் ஸ்ப்ரே என்ற பெயர் முதலாளி கம்பெனி இல்லை, 1930இல் விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு. இது தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் பிரியம் கூடிவிட்டது. உலர்வாக அறுத்த பழமாகப் பார்த்து இரண்டு பை வாங்கினோம். என் மனைவிக்கு வேறு திட்டம் இருந்தது.

பிளிமத் ஊரில், 1620இல் ஆங்கிலேயர் வந்திறங்கியதன் அடையாளமாக ஒரு பாறையை மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்கள். எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. கூட வந்தவர்கள் எல்லோருமே "இதுதானா?" என்று கேட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறு வருஷம், 1621 இலையுதிர்காலத்தில், பிழைத்துக் கிடந்த ஐம்பது பேர் அளவிலான ஆங்கிலேயரும், மாசசாய்ட் என்ற தலைவரோடு வந்த வாம்பனோக் பூர்வகுடி மக்கள் ஏறக்குறைய தொண்ணூறு பேரும் மூன்று நாள் சேர்ந்து சாப்பிட்டார்கள். தேங்க்ஸ்கிவிங்கின் ஆரம்பம் என்று சொல்வது இந்த விருந்தைத்தான். ஆங்கிலேயர் ஒருவர் அன்று எழுதிய கடிதத்தில் பறவைக் கறியும், வாம்பனோக்குகள் கொண்டுவந்த ஐந்து மான்களும் வருகின்றன. இன்றைய தேங்க்ஸ்கிவிங் மேசையில் இருக்கும் உருளைக்கிழங்கு மசியலுக்கும் பரங்கி பை (pie) என்ற இனிப்புக்கும் அன்று வழியே இல்லை.

பாறைக்கு எதிரே மேட்டில் மாசசாய்ட் சிலை. அங்கே இன்னொரு பலகையும் உண்டு. 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பூர்வகுடிகள் இங்கே கூடித் துக்கநாள் அனுசரிக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த வருஷம் வாம்ஸுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோக் தலைவரை விருந்தில் பேச அழைத்து, அவர் எழுதிய உரையைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் இந்த மேட்டில் வந்து பேசினார். நினைவுப்பொருள் கடைகளில் இறகு குத்திய பொம்மைகள் வரிசையாக இருந்தன. பேத்தி கேட்டாள், வாங்கவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

விடிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நாலரை மணிக்கே இருட்டு. கடைகளின் விளக்கு மட்டும் பளபளவென்று இருக்கிறது; இந்த இருட்டில் வேறு எங்கே போவார்கள் ஜனங்கள்?

நவம்பர் 16, சனி

பாஸ்டனில் டவுன்டவுன் கிராசிங் கடைவீதிக்குப் போனேன். மகள் அருங்காட்சியகத்துக்குக் கூப்பிட்டாள். ஃபைலீன்ஸ் கடை இருந்த இடத்தைக் காட்டு போதும் என்றேன். ஜவுளித் தொழிலில் இருந்தவனுக்கு அது கோயில்.

கட்டடம் 1912இல் கட்டியது, வடிவமைத்தவர் டேனியல் பர்ன்ஹாம். இதன் நிலவறையில் நடந்த கடைதான் பேர்பெற்றது. எட்வர்ட் ஃபைலீன் 1909இல், இந்தக் கட்டடம் வருவதற்கு முன்பே தொடங்கியது. கடைக்காரன் எவனும் ராத்திரி தூக்கம் கெட்டு யோசிப்பது தேங்கிய சரக்கைப் பற்றித்தான். அவர் அதற்கு ஒரு கணக்கு வைத்தார். சரக்கு வந்த தேதியைச் சீட்டிலேயே போட்டுவிடுவது. 12 விற்பனை நாள் போகாவிட்டால் விலையில் கால்வாசி குறையும். 18 நாளில் பாதி. 24 நாளில் முக்கால். 30 நாளாகியும் போகாததைத் தர்மத்துக்குக் கொடுத்துவிடுவது. பேரம் கிடையாது, மேனேஜரைக் கேட்பது கிடையாது, தேதி பார்த்து விலை தானே இறங்கும்.

நினைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு கோட்டு பிடித்திருக்கிறது. இன்றைக்கே வாங்கினால் விலை கூட. இன்னும் ஆறு நாள் பொறுத்தால் பாதி, ஆனால் அதற்குள் இன்னொருத்தி எடுத்துவிடலாம். வாங்குபவருக்கு வாங்குபவரே போட்டி! சிலர் பிடித்த உடுப்பை வேறு ரகத்து அடுக்குக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டுப் போவார்களாம். எங்கள் கடையிலும் இது நடக்கும். முகூர்த்தப் புடவையை நூல் சேலைக் கட்டுக்குள் செருகிவிட்டு வீட்டுக்காரரைக் கூட்டிவரப் போவார்கள். நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்போம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதே ஃபைலீன் 1907இல் இந்தியா வந்தபோது, கிராமங்களில் கூட்டுறவுக் கடன் சங்கம் நடப்பதைப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பி அதே யோசனைக்கு ஆதரவு திரட்டினார். 1909இல் மாசசூசெட்ஸ் அதற்கென்று சட்டம் கொண்டுவந்தது. இன்று இந்த நாடு முழுக்க இருக்கிற கிரெடிட் யூனியன்களில் அந்தப் பயணத்துக்கும் பங்கு உண்டு. நம் ஊர்க் கூட்டுறவு சொசைட்டி வாசலில் வரிசையில் நின்றபோது யாராவது இதைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பேன்.

கடை இப்போது இல்லை. நிலவறை 2007இல் மூடியது, மற்ற கிளைகளும் 2011 முடிவோடு போயின. கட்டடத்தில் 2015 முதல் ஐரிஷ் கம்பெனியான பிரைமார்க் நடக்கிறது. உள்ளே போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தேன். விலைக்குத் தகுந்த துணி.

பண்டிகைக் கதையும் இதே கடையைத் தொடுகிறது. சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை ஜனாதிபதிகளுக்குக் கடிதம் எழுதி எழுதி அலுக்காமல் கேட்டதன் பேரில், 1863இல் லிங்கன் நவம்பர் கடைசி வியாழனைத் தேங்க்ஸ்கிவிங் என்று அறிவித்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். 1939இல் நவம்பருக்கு ஐந்து வியாழன். கடைசி வியாழன் 30ஆம் தேதி. கிறிஸ்துமஸ் வியாபாரம் தேங்க்ஸ்கிவிங் முடிந்துதான் தொடங்கும் என்பது எழுதாத சட்டம். நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட்டார்கள். ஃபைலீன்ஸும் சேர்ந்திருந்த ஃபெடரேட்டட் கூட்டமைப்பின் ஃபிரெட் லாசரஸ் இதில் முன்னால் நின்றவர் என்று சொல்வார்கள். ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னால் இழுத்தார். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் ஏற்றன, மற்றவை பழைய தேதியிலேயே கொண்டாடின. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு வியாழன், தங்கைக்கு இன்னொரு வியாழன். அச்சடித்த காலண்டர் எல்லாம் வீண். 1941இல் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டு நான்காவது வியாழன் என்று முடித்துவைத்தது.

பண்டிகைத் தேதியையே கடைக்காரன் நகர்த்தினான் என்று கேட்டதும் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

நவம்பர் 23, சனி

வான்கோழி வாங்கும் நாள். பக்கத்து வீட்டு அம்மா எங்களை வியாழக்கிழமை விருந்துக்கு அழைத்திருக்கிறார். அவர் காரோட்டுவதை விட்டுவிட்டதால் மாப்பிள்ளைதான் அவருக்கும் சாமான் வாங்கித் தருகிறார். உறைந்த வான்கோழி பவுண்டு ஒரு டாலருக்கும் கீழே. நஷ்டத்துக்குத்தான் விற்கிறார்கள், சந்தேகமில்லை. கோழியை அள்ளிப்போட வந்தவர் வெண்ணெய், கிழங்கு, ரொட்டி, மாவு என்று வண்டியை நிரப்பாமல் போகமாட்டார் என்ற தைரியம். அந்தக் கோழியை இன்றே ஃபிரிட்ஜுக்குள் வைத்தால்தான் வியாழக்கிழமை இளகியிருக்கும். நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு.

பில் போடும் பெண் மணிக்கணக்கில் நின்றபடியே வேலை செய்கிறார். உட்கார நாற்காலி இல்லை. பணக்கார நாடாச்சே என்று மகளிடம் கேட்டேன், இங்கே பெரும்பாலும் இப்படித்தான் என்றாள். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. நான் வேலையை விட்டபிறகுதான் வந்தது என்பது என் முழங்காலுக்குத் தெரியும்.

நவம்பர் 28, வியாழன்

காலையில் மழை. தொலைக்காட்சியில் நியூயார்க் ஊர்வலம். அங்கேயும் மழை, பலூன்கள் நனைந்துகொண்டே போகின்றன. 1924இல் மேசிஸ் கடை தன் ஊழியர்களை வைத்துத் தொடங்கிய ஊர்வலம் இது. கடைசியில் கிறிஸ்துமஸ் தாத்தா வந்து கடை வாசலில் இறங்குவார். விளம்பரம்தான், ஆனால் நாடே உட்கார்ந்து பார்க்கிறது.

தயிர் தீர்ந்துவிட்டது. வாங்கிவரலாம் என்று கிளம்பினேன். "அப்பா, இன்னைக்கு எல்லாக் கடையும் மூடியிருக்கும்" என்றாள் மகள். நம்பாமல் நடந்து போனேன். சூப்பர் மார்க்கெட் மூடியிருந்தது. வாகன நிறுத்தம் முழுக்கக் காலி. பெட்ரோல் பங்க் மட்டும் திறந்திருந்தது. மற்ற பல மாநிலங்களில் இஷ்டப்படி திறந்துகொள்ளலாம்; மாசசூசெட்ஸில் தேங்க்ஸ்கிவிங் அன்று பெரும்பாலான கடைகளை மூடியே ஆகவேண்டும் என்று சட்டம். அந்தக் காலத்தில் இங்கே குடியேறிய கண்டிப்பான கிறிஸ்தவர்களான ப்யூரிட்டன்கள் காலத்து ஞாயிறு விடுமுறைச் சட்டங்களின் மிச்சம். அதே ப்யூரிட்டன்கள் 1659இலிருந்து 1681வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் போட்டவர்கள் என்பது வேறு விஷயம். கொண்டாட்டத்தில் அவர்களுக்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, அவர்கள் விட்டுப்போன சட்டத்தால் இன்று இந்த மாநிலத்தில் சேலை மடிக்கிறவனும் பில் போடுகிறவளும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை ரொம்ப நேரம் படித்தேன். ஊழியர்கள் தங்கள் குடும்பத்தோடு இருப்பதற்காக மூடியிருக்கிறோம் என்று எழுதியிருந்தது. சட்டம் மூடச் சொன்னதை முதலாளி தன் தாராளம் மாதிரி எழுதுகிறார், எல்லா ஊரிலும் முதலாளி முதலாளிதான். ஆனாலும் மூடியிருந்தது.

விருந்து மத்தியானம் மூன்று மணிக்கு. மதியச் சாப்பாடா ராத்திரிச் சாப்பாடா என்று கேட்கக்கூடாது, இரண்டும்தான். பதார்த்தங்களின் கதையைப் பக்கத்து வீட்டு அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார். பச்சை பீன்ஸ் பதார்த்தம் 1955இல் கேம்பல் சூப் கம்பெனி சமையற்கூடத்தில் டோர்காஸ் ரைலி என்பவர் உருவாக்கியது, டின் சூப் விற்பதற்காக. பரங்கி பை செய்முறை 1950 முதல் லிப்பிஸ் டின்னின் லேபிளில் இருக்கிறது. "என் அம்மா இதை ரகசியச் செய்முறை என்று சொல்லிவைத்திருந்தார். அவர் போனபிறகு டின்னைத் திருப்பிப் பார்த்தேன்" என்றார். கிரான்பெர்ரி ஜெல்லி டின்னிலிருந்து சரிந்து விழுந்து, டின்னின் வரிகளோடு அப்படியே தட்டில் நின்றது. அதைக் கரண்டியால் மசிக்கக்கூடாதாம். வரி தெரிந்தால்தான் அவர் மகனுக்குப் பண்டிகை.

அதன் பக்கத்தில் என் மனைவி வைத்தது கிரான்பெர்ரி தொக்கு. நல்லெண்ணெய் காயவைத்து, கடுகு, பெருங்காயம், பழத்தைப் போட்டு மூடினால் பட்பட்டென்று வெடித்து அதுவே மசிகிறது. மிளகாய்த்தூள், உப்பு, வெந்தயப்பொடி, துளி வெல்லம். புளி தேவையில்லை. வான்கோழிக் கறி உப்புச் சப்பில்லாமல் இருந்ததற்கு இதுதான் கைகொடுத்தது. ஜெல்லிக்காரரான அந்த மகன் மூன்றாவது தடவை தொக்கு கேட்டபோது அவர் அம்மா என் மனைவியைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

சாப்பிடுமுன் மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்லவேண்டும். உடம்பு, வேலை, பேரக்குழந்தை என்று போனது. என் மனைவி முறை வந்ததும் தமிழிலேயே சொன்னாள்: "பண்டிகை அன்னைக்கு இந்த மனுஷன் தூங்காம எங்களோட உட்கார்ந்து சாப்பிடுறாரே, அதுக்கு." மகள் மொழிபெயர்த்ததும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. உருளைக்கிழங்கு மசியலை எடுத்துப் பரிமாறினேன்.

நவம்பர் 29, வெள்ளி

கருப்பு வெள்ளி, இங்கே பெரிய தள்ளுபடி நாள். சட்டப்படி நள்ளிரவுவரை பூட்டு, அதற்கப்புறம் திறக்கலாம். பெரிய மாலுக்குக் காலை எட்டு மணிக்குப் போனோம். படங்களில் பார்த்த தள்ளுமுள்ளு எதுவுமில்லை. தள்ளுபடி போன வாரமே செல்பேசியில் தொடங்கிவிட்டதாம். வரிசை இருந்தது இளம் பெண்களுக்கான ஒரு வாசனைப் பொருள் கடையில் மட்டும்.

விலைச்சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சில தள்ளுபடி நிஜம், சில விலையை ஏற்றி இறக்கியது. தொழில் தெரிந்தவனுக்குச் சீட்டின் மேல் ஒட்டிய சீட்டே சொல்லிவிடும். டிவிக்களில் இந்த வாரத்துக்கென்றே தயாரித்த மாடல்கள் உண்டு என்று மாப்பிள்ளை சொன்னார். அது எனக்குப் பழைய செய்தி. ஆடிக்கென்றே நெய்து வரும் சேலை எங்களிடமும் உண்டு, மூன்று துவைப்பு தாங்கும். நான் கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். ஆடைகளுக்கு இந்த மாநிலத்தில் 175 டாலர்வரை விற்பனை வரி இல்லை, சீட்டில் இருந்த விலையே பில்லில் வந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

இரண்டு வாரத்துக்கு முன் என் மனைவிக்கு 140 டாலருக்கு எடுத்த குளிர் கோட்டு, வெள்ளிக்கிழமை முதல் 98 டாலர். "ரசீது இருக்கு மாமா, வித்தியாசத்தைத் திருப்பித் தருவாங்க" என்று மாப்பிள்ளை கூட்டிப்போனார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற பலகைக்குக் கீழேயே வேலை பார்த்தவன் நான், நம்பவில்லை. திருப்பித் தரும் கவுண்டரில் நீள வரிசை. ஒருவர் உடுத்திய அடையாளம் தெரிகிற சட்டையைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். முகம் சுளிக்கவில்லை. ரசீதைத் தட்டிப் பார்த்து 42 டாலரை அட்டையில் ஏற்றிவிட்டார்.

வியாழக்கிழமை லீவு கிடைத்ததா என்று கேட்கச் சொன்னேன். மாப்பிள்ளை தயங்கிக்கொண்டே கேட்டார்.

"கிடைச்சது. ஆனா வெள்ளிக்கிழமை விடியக்காலை நாலு மணிக்கு வந்துட்டேன். ஏழு மணிக்கே படுத்துட்டேன், பரங்கி பை சாப்பிடவே இல்லை" என்றார். அப்புறம் என்னைக் காட்டி, இவர் என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்தார்.

"துணிக்கடை" என்றார் மாப்பிள்ளை.

"அதானே பார்த்தேன். வந்ததிலிருந்து என் பின்னால் கலைஞ்சு கிடக்கிற அடுக்கையே பார்த்துக்கிட்டு இருக்கார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.